புகையும் பனியும்: மூளைப் படம் உணர்த்துவது யாது?

காண்டலும் கருதலும் வெவ்வேறு அளவைகள் என்பது தமிழ்த் தருக்க நூலோர் கொள்கை. மலையிற் புகையைக் காண்பது காண்டல். ஆங்கே நெருப்புண்டெனத் துணிவது கருதல். கண்ட பொருளே ஐயத்துக்குரியதாயின் அதன்மேல் எழும் துணிவும் வழுவுடையதாகும். பனியோ புகையோ என்று தெளியாமலே நெருப்புண்டெனத் துணிவதைப் போலி ஏதுக்களுள் ஒன்றாக மணிமேகலையின் 29ஆவது காதை கூறுகின்றது. விடியற்காலையிற் பேராதனையிலிருந்து ஹந்தானை மலையை நோக்குவோர்க்கு இவ்வுவமை விளக்கம் வேண்டாதது.

இதே வழு இன்று மூளைப் படத்தை வாசிக்குமிடத்துத் தோன்றுகின்றது. மல்டிப்பிள் ஸ்கிளெரோசிஸ் என்பது மூளையிலும் முண்ணாணிலும் நரம்பிழைகளைப் போர்த்துள்ள மயலின் உறையை உடலின் எதிர்ப்பாற்றலே தாக்கிச் சிதைக்கும் நோய். பாரிஸ் மருத்துவர் சார்க்கோ 1868இல் இதனைத் தனிநோயாக வரையறுத்தார். எம். ஆர். ஐ. படத்தில் இதன் புண்கள் வெண்புள்ளிகளாகத் தோன்றும். ஆயின், ஒற்றைத் தலைவலி, உயர் குருதியமுக்கம், முதுமை ஆகியவற்றாலும் வெண்புள்ளிகள் தோன்றுவதுண்டு. படம் காட்டுவது புள்ளியை. நோயை உரைப்பது மனிதனின் கருதலே.

கண்டியிலே இளம் ஆசிரியை ஒருத்தி தலைவலியும் விரல் விறைப்பும் கொண்டு படம் எடுப்பித்தாள் என்று கொள்வோம். ஆங்கிலத்தில் எழுதப்பெற்ற அறிக்கை இரண்டு மூன்று புள்ளிகளைக் குறித்து, இந்நோயையும் கருத்திற் கொள்ளுமாறு கூறுகின்றது. மருத்துவரைக் காணுமுன்னரே, கலகா செல்லும் பஸ்ஸில் அதனை வாசித்தவர் நோயின் பெயரைச் சொல்லிவிடுகின்றார். பேசியிருந்த திருமணம் தடைப்படுகின்றது. பின்னர் நோயில்லையெனத் தெளிந்தாலும், போனது மீளுமா?

நோயின் அருமையும் ஈண்டு எண்ணத்தக்கது. விளக்கத்தின் பொருட்டு ஒரு கணக்கைக் கொள்வோம். படம் எடுப்பித்த 1000 பேருள் 10 பேர் நோயுடையர். அவருள் 9 பேரிடம் புள்ளிகள் தோன்றும். நோயற்ற 990 பேருள் 99 பேரிடமும் தோன்றும். ஆகவே, புள்ளியுடைய 108 பேருள் நோயுடையார் 9 பேரே, பன்னிருவருள் ஒருவர். நோயுடையார் 500 பேராயின், அதே புள்ளிகள் பத்தில் ஒன்பது முறை மெய்யாகும். படம் மாறவில்லை; அதன் பொருளே மாறிற்று. வட ஐரோப்பாவிலும் பார்க்க இலங்கையில் இந்நோய் அரிது. எனவே, ஆங்குப் பொருந்தும் துணிவை ஈங்கு அவ்வாறே கொள்ளலாகாது.

2001இல் வகுக்கப்பெற்றுப் பன்முறை திருத்தப்பெற்ற மக்டொனால்ட் அளவுகோல்கள் இதனை உணர்ந்தவை. 2017ஆம் ஆண்டுத் திருத்தம் வரை நோய்க்குரிய அறிகுறி முதலில் வேண்டப்பட்டது. புண்கள் உரிய இடங்களிற் பரந்திருத்தல் வேண்டும். காலத்தாற் பரந்தமையோ, முண்ணாண் நீரின் பரிசோதனை போன்ற பிற சான்றோ பெரும்பாலும் துணைநிற்றல் வேண்டும். வேறு விளக்கம் விலக்கப்படுதலும் வேண்டும். இவ்விறுதி நிபந்தனை ஆசிய நாடுகளில் இன்றியமையாதது. ஏனெனில், கண்ணரம்பையும் முண்ணாணையும் தாக்கும் நியூரோமயலைட்டிஸ் ஒப்டிகா என்னும் வேறொரு நோய் இதனைப் போலத் தோன்றும். அதற்குரிய பிறபொருளெதிரி 2004இல் அறியப்பட்டது. முன்னைய நோய்க்குரிய இன்டர்பெரோன் போன்ற மருந்துகள் பின்னையதை மோசமாக்கவுங் கூடும்.

அவ்வாறாயின் மருத்துவர் வாய்திறவாதிருத்தல் அறமாகுமா? ஆகாது. மெய்யாகவே நோயுள்ளவிடத்துக் காலத்தே தொடங்கும் சிகிச்சை புதிய தாக்குதல்களைக் குறைக்கும். தாமதத்தால் ஏற்படும் சேதம் மீளாததாகலாம். மேலும், நோயாளியின் உடலைப் பற்றிய செய்தி நோயாளிக்கே உரியது. நோயை உறுதியென்று உரைப்பது ஒரு பொய்யாயின், ஒன்றுமில்லையென்று மறைப்பது மற்றொரு பொய்.

ஆகவே, ஈண்டு வாய்மை என்பது ஐயத்தை ஐயமாகவே, அதன் அளவோடு, நோயாளியின் மொழியிலே உரைத்தலாகும். கண்டது யாது, கருதியது யாது, எதனாற் தெளியலாம், மீண்டும் வரவேண்டிய நாள் எது என்னும் நான்கினையும் அவ்வாசிரியை அறிந்து செல்லல் வேண்டும். நாள் குறிக்கப்படாத ஐயம் கைவிடுதலாகும். நாள் குறித்த ஐயமோ நோயாளிக்கும் மருத்துவருக்கும் பொதுவான பொறுப்பாகும். ஹந்தானையின் பனி விலகுமளவும் நெருப்பென்று கூவாதிருத்தல் அறிவு. விலகியதும் நோக்குவதற்கு ஆங்கே நிற்றல் அறம்.