ஆண்டுக் கணக்கு

புத்தாண்டு பிறந்த முதல் வாரத்தில் நாம் ஒருவரையொருவர் தவறாமல் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்று உண்டு. "போன வருஷம் உங்களுக்கு எப்படி?" கேட்பவர் பதிலுக்காகக் காத்திருப்பதில்லை, சொல்பவரும் யோசித்துச் சொல்வதில்லை. "நல்லபடியாகப் போயிற்று" என்றோ, "ஏதோ போயிற்று" என்றோ ஒரு சொல். முந்நூற்று அறுபத்தைந்து நாட்களுக்கும் அதோடு தீர்ப்பு முடிந்துவிடுகிறது.

நானும் பல ஆண்டுகள் இப்படித் தீர்ப்புச் சொல்லி வந்தவன்தான். 2024ஆம் ஆண்டு ஜனவரியிலிருந்து அந்தக் கேள்வியை யாரிடமும் கேட்கக் கூசுகிறேன். அதற்குக் காரணம் ஒரு குடும்பம்.

அப்போது நான் பாளையங்கோட்டையில் ஒரு வீட்டின் மாடியில் குடியிருந்தேன். கீழே வீட்டுக்காரர் குடும்பம். அவர் பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊர் வழக்கப்படி நான் அவரை 'அண்ணாச்சி' என்பேன். அவர் மனைவி எனக்கு 'மதினி'. கிறிஸ்தவக் குடும்பம். ஊரார் 'ஊசிக் கோபுரம்' என்று சொல்லும் தூய திரித்துவ ஆலயத்துக்குப் போகிறவர்கள். ரேனியஸ் ஐயர் காலத்தில், 1826இல் எழுந்த ஆலயம் அது. அதன் மணியோசையை வைத்தே மதினி உலை வைப்பார் என்று அண்ணாச்சி கேலி செய்வதுண்டு.

அந்த வீட்டுக் கூடத்தில் ஒரு பழைய வேதாகமம் இருந்தது. அண்ணாச்சியின் தாத்தா வாங்கியது. அதன் முன்பக்கத்து வெற்றுத் தாள்களில் குடும்பத்தின் பிறப்பு, ஞானஸ்நானம், திருமணம், இறப்பு எல்லாவற்றையும் தேதியோடு எழுதி வைத்திருந்தார்கள். மூன்று தலைமுறைக் கையெழுத்துகள். கடைசி முப்பத்தைந்து ஆண்டுகளாக எழுதி வந்தவர் மதினி. தந்தி எழுத்துப்போலக் குறுகிய, நிமிர்ந்த எழுத்து அவருடையது.

2023ஆம் ஆண்டு அந்தக் குடும்பத்துக்கு எப்படி வந்தது என்று சொல்லுகிறேன். பிப்ரவரியில் மூத்த மகளுக்கு ஆண் குழந்தை பிறந்தது. பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள். ஏப்ரல் 9, ஈஸ்டர் ஞாயிறு. அன்று குழந்தைக்கு ஞானஸ்நானம். மாடிக்கு எனக்கும் ஒரு துண்டுக் கேக்கும் ஒரு தட்டுப் பிரியாணியும் வந்தன. பிறகு மூன்று ஞாயிற்றுக்கிழமை கோவிலில் ஓலை வாசித்து, மே மாதத்தில் மகனுக்குக் கல்யாணம். விருந்துக்கென்று மதினி ஒரு பெரிய அண்டா வாங்கினார். வாடகைக்கு எடுக்கலாமே என்று அண்ணாச்சி சொன்னதற்கு, "பேரன் கல்யாணத்துக்கும் ஆகும்" என்றார். ஜூனில் வீட்டுக் கடனின் கடைசித் தவணையைக் கட்டி முடித்தார்கள்.

கல்யாணம் முடிந்த பத்தாம் நாள் மதினி ஆஸ்பத்திரிக்குப் போனார். வயிற்றில் கட்டி, முற்றிவிட்டது என்றார்கள். ஆகஸ்ட் நடுவில் அவரை அடக்கம் செய்தோம். அப்போது அவருக்கு அறுபத்தொரு வயது.

நவம்பர் 2ஆம் தேதி, கல்லறைத் திருநாளன்று, அண்ணாச்சி வெள்ளையடித்த கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தார். டிசம்பர் 17, 18ஆம் தேதிகளில் தென்மாவட்டங்களை மூழ்கடித்த மழை உங்களுக்கு நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்தது. தாமிரபரணி கரை கடந்தது. எங்கள் தெரு சற்று மேடு. வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை. கீழே மதினியின் அண்டாவில் எலுமிச்சம்பழச் சாதம் கிண்டி, தாழ்வான தெருக்காரர்களுக்குப் பொட்டலம் கட்டினார்கள். பேரன் கல்யாணத்துக்கு முன்பே அதற்கு வேலை வந்துவிட்டது.

கிறிஸ்துமசுக்கு வாசலில் அண்ணாச்சி ஒரு காகித நட்சத்திரத்தைத் தொங்கவிட்டார். அதுதான் எனக்கு முதல் உறுத்தல். எங்கள் வீட்டில் அம்மா இறந்த ஆண்டில் தீபாவளி இல்லை, பொங்கல் இல்லை. ஓராண்டு முழுதும் பண்டிகை கூடாது என்பது வழக்கம். துக்கத்துக்கென்று ஓர் ஆண்டைத் தனியாக ஒதுக்கிக் கொடுத்துவிடுகிற அந்த வழக்கத்தில் ஒரு மரியாதை இருப்பதாக நான் நினைத்திருந்தேன். நாலு மாதத்துக்குள் நட்சத்திரமா என்று தெருவில் ஓரிருவர் பேசியதும் என் காதில் விழுந்தது. பேசியவர்களில் அவர்கள் சபையைச் சேர்ந்தவர்களும் இருந்தார்கள்.

பக்குடுக்கை நன்கணியார் என்ற புலவர் புறநானூற்றின் 194ஆம் பாட்டில், ஒரு வீட்டில் சாவும் இன்னொரு வீட்டில் மணமுமாக இருக்கிற உலகத்தைப் பார்த்து மனம் கசந்து, அப்படிப் படைத்தவனையே கடிந்துகொள்கிறார். அவர் கண்டது இரண்டு வீடுகள். மணவீட்டுக்காரன் சிரிக்கலாம், சாவு வீட்டுக்காரன் அழலாம், குழப்பம் இல்லை. இரண்டும் ஒரே கூரையின்கீழ் ஒரே ஆண்டில் வந்தால் என்ன செய்வது? அழுவதற்காகக் குழந்தையின் சிரிப்பை ஒத்திவைக்க முடியுமா? சிரிப்பதற்காக இறந்தவளை மறக்க முடியுமா?

டிசம்பர் 31, ஞாயிற்றுக்கிழமை மாலை. புது நாட்காட்டி ஒன்றைக் கொடுப்பதற்காகக் கீழே போனேன். அன்றிரவு ஆண்டிறுதி ஆராதனை. அண்ணாச்சி மேசைமுன் உட்கார்ந்து ஸ்தோத்திரக் காணிக்கை உறையில் எழுதிக்கொண்டிருந்தார். பிறந்தநாள், கல்யாண நாள், புதுவீடு, பரீட்சையில் தேர்ச்சி இப்படி எதற்காக நன்றி என்று உறையின்மேல் குறித்துக் காணிக்கை வைப்பார்கள். மூத்த மகள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு தகப்பனாரின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

"2023ஆம் வருஷத்துக்காகன்னா எழுதுறீங்க?"

"ஆமாம்மா."

"அம்மா போன வருஷத்துக்கா அப்பா ஸ்தோத்திரம்?"

அவர் பேனாவை மூடி வைத்தார். பதில் சொல்லவில்லை.

"எனக்குப் பத்தியம் பொங்கிப் போட்டுக்கிட்டே, வலியை உள்ள வச்சுக்கிட்டு அலைஞ்சாங்க. தம்பி கல்யாணம் நடக்கணும்னு வாயைத் திறக்கல. பிள்ளை, கல்யாணம், எல்லாத்துக்கும் விலை அம்மாதான். நீங்க போய்க் காணிக்கை வையுங்க. நான் கோவிலுக்கு வரல." சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

உண்மையைச் சொல்லுகிறேன்: என் மனம் முழுக்க அந்தப் பெண்ணின் பக்கம்தான் இருந்தது. இழப்புக்கு நன்றி சொல்வது ஒன்று பொய், இல்லையென்றால் பயம் என்பது என் எண்ணம். அடித்தவனின் கையை முத்தமிடுகிற பயம்.

அண்ணாச்சி என்னைத் திண்ணைக்கு அழைத்துப் போனார். கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார்: "தம்பி, அவ செத்ததுக்கு நான் ஸ்தோத்திரம் சொல்லல. அது என்னால முடியாது. ஆண்டவரும் அதைக் கேப்பாருன்னு எனக்குத் தோணல. ஆனா இந்த வருஷத்துல ஏழரை மாசம் அவ இருந்தா. பேரனைக் குளிப்பாட்டினா. அண்டா வாங்கினா. பொல்லாத வருஷம்னு இதைத் தூக்கி எறிஞ்சா, அந்த ஏழரை மாசத்தையும் சேர்த்தில்லா எறியணும்?"

இந்தப் பதில் என்னை நிறுத்தியது. நாம் ஆண்டுக்குத் தீர்ப்புச் சொல்கிறபோது கழித்தல் கணக்குப் போடுகிறோம். இத்தனை வரவு, இத்தனை செலவு, மிச்சம் இவ்வளவு. பேரன் வரவு, பாட்டி செலவு. மிச்சம் என்ன? கணக்கே அபத்தமாக இல்லையா?

இதைப்பற்றி அவர்களுடைய வேதத்திலேயே யோபின் சரித்திரத்தில் ஒரு நுட்பம் இருக்கிறது. யோபு எல்லாவற்றையும் இழக்கிறான். கடைசியில் இழந்தவை இரட்டிப்பாகத் திரும்புகின்றன. 7,000 ஆடுகள் 14,000 ஆகின்றன. 3,000 ஒட்டகங்கள் 6,000. 500 ஏர்மாடுகள் 1,000. 500 கழுதைகளும் 1,000. ஆனால் பிள்ளைகள்? இறந்தவர்கள் ஏழு மகன்களும் மூன்று மகள்களும். பிறகு பிறந்தவர்களும் ஏழு மகன்களும் மூன்று மகள்களுமே. அங்கே மட்டும் இரட்டிப்பு இல்லை. முதல் பத்துப்பேர் கடவுளிடம் இருக்கிறார்கள், ஆகவே அவர்களையும் சேர்த்தால் இரட்டிப்புத்தான் என்று விளக்கம் சொல்வார்கள். அது விசுவாசிகளுக்கு உரிய ஆறுதல். அதை மறுக்க நான் யார்? வெளியிலிருந்து படிக்கிற எனக்குப் படுவது வேறு. ஆட்டுக்கு ஆடு ஈடாகும். மனிதருக்கு மனிதர் ஈடாகமாட்டார். பின்னால் பிறந்த பத்துப் பிள்ளைகளும் முன்னால் இறந்த பத்துப் பிள்ளைகளின் இடத்தை நிரப்ப வந்தவர்கள் அல்லர். அவர்கள் தங்களுக்கென்று வந்தவர்கள். யோபு இருபது பேருக்குத் தகப்பன். பத்துப்பேரைப் புதைத்தவன், பத்துப்பேரைக் கொஞ்சியவன். ஒன்று மற்றொன்றைக் குறைக்கவில்லை.

இவ்வளவு தெளிவாக நான் அந்தத் திண்ணையில் யோசிக்கவில்லை. பின்னால் யோசித்தது. அன்று, "நீங்கள் சொல்வது சரி அண்ணாச்சி" என்று மட்டும் சொன்னேன். அவர் தலையை அசைத்து மறுத்தார்.

"முழுசும் சரியில்ல. ஏப்ரல் மாசத்துல ஒரு நாள் அவ அரிசி களைஞ்சுக்கிட்டிருந்தவ, சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு அப்படியே நின்னா. நான் பார்த்தேன். என்னன்னு கேட்டேன். 'கல்யாணம் முடியட்டும், காட்டிக்கலாம்'னா. மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்தாச்சு, பத்திரிகை அடிச்சாச்சு. சரின்னுட்டேன். தம்பி, அவ மறைச்சது வாஸ்தவம். ஆனா மறைச்சது எனக்கும் சௌகரியமா இருந்துச்சு."

நான் பேசாமல் இருந்தேன். அப்போதே காட்டியிருந்தால் பிழைத்திருப்பாரா? அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தெரியாது என்பதால் அந்தப் பாரம் குறைந்துவிடுமா?

"இதை மகளிடம் சொன்னீர்களா?" என்று கேட்டேன்.

"இல்லை."

"அவள் எல்லாப் பழியையும் தன் பிரசவத்தின்மேல் போட்டுக்கொண்டிருக்கிறாள், அண்ணாச்சி."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அது அவருக்கு அந்த நிமிஷம்வரை தோன்றவில்லை என்று நினைக்கிறேன். எழுந்து உள்ளே போனார். நான் மாடிக்கு வந்துவிட்டேன். உள்ளே என்ன பேசினார்கள் என்பது எனக்குத் தெரியாது. ஒரு முறை அவள் குரல் உயர்ந்தது. பிறகு நெடுநேரம் சத்தமே இல்லை. இரவு அண்ணாச்சி மகனோடும் மருமகளோடும் ஆராதனைக்குப் போனார். மகள் போகவில்லை. நள்ளிரவில் மணி அடித்தது. தெருவில் பட்டாசு வெடித்தது. குழந்தை விழித்து அழுதது.

நன்றி சொல்வதைப் பற்றி என் எண்ணம் அந்த இரவில்தான் மாறியது. தென்னிந்தியத் திருச்சபையின் திருவிருந்து ஆராதனை முறையை நான் புத்தகத்தில் படித்திருக்கிறேன். அதில் பாவ அறிக்கை முன்னால் வரும். ஸ்தோத்திர ஜெபம் பின்னால் வரும். சடங்கின் வரிசை என்று மட்டுமே எண்ணியிருந்தேன். அது வாழ்க்கைக்கும் வேண்டிய வரிசைதான். தன் பங்குக் குற்றத்தை உரியவரிடம் சொல்லாமல் கடவுளிடம் மட்டும் நன்றி சொல்லும்போது, நன்றி ஒரு திரைச்சீலையாகிவிடுகிறது. மகளுக்குக் கோபம் வந்தது அந்தத் திரையின்மேல்தானோ என்னவோ. அண்ணாச்சி திரையை விலக்கினார். அதற்கு அவருக்கு ஐந்து மாதம் பிடித்தது. எனக்கு அதே நிலைமை வந்திருந்தால் ஐந்து ஆண்டுகளாவது ஆகியிருக்கும்.

மறுநாள் காலை வாழ்த்துச் சொல்லக் கீழே போனேன். தட்டில் முந்திரிக்கொத்தும் முறுக்கும் வைத்துக் கொடுத்தாள் மகள். கண்கள் வீங்கியிருந்தன. "சித்தப்பா, இதைப் பாருங்க" என்று வேதாகமத்தைக் கொண்டுவந்து பிரித்துக் காட்டினாள்.

பிப்ரவரியில் பேரன் பிறந்தது, ஏப்ரல் 9இல் ஞானஸ்நானம், மே மாதத்தில் மகன் திருமணம்: மூன்றும் மதினியின் குறுகிய, நிமிர்ந்த எழுத்தில். அதன்கீழ் ஆகஸ்ட் மாதத்து வரி, புது மையில், வேறு கையெழுத்தில். ஐந்து மாதமாக அந்த வரியை எழுத அந்த வீட்டில் யாருக்கும் மனம் வரவில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"அப்பா எழுதச் சொன்னாங்களா?" என்று கேட்டேன்.

"இல்ல. நேத்து ராத்திரி நானே எழுதினேன். அம்மா ஒரு வரியும் விட்டதில்லையே."

அப்பாவை மன்னித்துவிட்டாயா என்று நான் கேட்கவில்லை. கேட்கக்கூடிய கேள்வி அன்று அது. அவள் முகத்தில் அதற்குப் பதிலும் இல்லை. தகப்பனாருக்குக் காப்பி ஆற்றிக் கொடுத்தாள். அவர் வாங்கிக் குடித்தார். அவ்வளவுதான் நான் கண்டது.

அந்தப் பக்கத்தை மட்டும் நான் மறக்கவில்லை. அதில் வரவு ஒரு பத்தியிலும் செலவு ஒரு பத்தியிலுமாக எழுதவில்லை. அடியில் கோடு போட்டு மிச்சம் காட்டவில்லை. நடந்தது நடந்த வரிசையில், ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தது. ஓர் ஆண்டை நேர்மையாக எழுதுவதற்கு இதைவிட வேறு முறை எனக்குத் தெரியவில்லை.

இப்போதும் ஜனவரியில் நண்பர்கள் கேட்கிறார்கள், "போன வருஷம் எப்படி?" என்று. "உட்காருங்கள், சொல்லுகிறேன்" என்கிறேன். சிலர் உட்காருகிறார்கள்.