கேட்கிற காதுக்கு யார் விலை சொல்வது?

தமிழில் 'கேள்' என்ற சொல் மூன்று வேலை செய்கிறது. வானொலி கேட்கிறோம். ஒருவரிடம் கேள்வி கேட்கிறோம். கடைக்காரர் ஒரு பொருளுக்கு இவ்வளவு கேட்கிறார் என்கிறோம். திருக்குறளில் 'கேள்வி' என்றே 42ஆவது அதிகாரம் இருக்கிறது. அது முதல் பொருளில் வருவது, காது வழியாகச் சேரும் செல்வத்தைப் பற்றிப் பேசுவது. சிறிய பேச்சு வானொலி ஒன்றின் ஒலிபரப்பு அறைக்குள் போனால் இந்த மூன்று பொருளையும் ஒரே மேசையில் பார்க்கலாம். பேச விரும்புகிறவர் நேரம் கேட்கிறார். நிலையம் பணம் கேட்கிறது. நேயர் இது எதுவும் தெரியாமல் நிகழ்ச்சி கேட்கிறார்.

அந்த மேசையில் மூன்றாண்டுகள் உட்கார்ந்திருந்ததால் எனக்கு ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. ஒலிபரப்பு நேரத்தைக் காசுக்கு விற்கும்போது உண்மையில் நாம் எதை விற்கிறோம்? அது நம்முடையதுதானா?

நான் உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் மின்னணுப் பொறியியல் படித்தவன். பகலில் தொழிற்சாலை வேலை. ஞாயிறு இரவுகளில் கிள்ளான் பள்ளத்தாக்கில் ஒரு கடைவீட்டு மாடியில் இயங்கிய தமிழ் இணைய வானொலிக்கு சர்வர், மிக்சர், தொலைபேசி இணைப்பு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டேன். நிலையத்தின் பெயர் இங்கே தேவையில்லை. அதன் உரிமையாளர் பகலில் ஏர்கான் சர்வீஸ் செய்பவர். வானொலிப் பித்து பிடித்த நல்ல மனிதர். வாடகையில் பாதியைச் சொந்தக் காசில் கட்டிக்கொண்டிருந்தார். ஆகவே இந்தக் கட்டுரையில் வில்லன் யாரும் இல்லை. அதனால்தான் கேள்வி கடினமாகிறது.

முதலில் கொஞ்சம் பொறியியல். பண்பலை வானொலிக்கு உலகின் பெரும்பாலான நாடுகளில் ஒதுக்கப்பட்டிருப்பது 87.5 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பட்டை. ஒரே ஊரில் அடுத்தடுத்த அலைவரிசைகளை நெருக்கமாகக் கொடுத்தால் ஒன்றின்மேல் ஒன்று ஏறிவிடும். ஆகவே ஒரு நகரத்துக்கு இத்தனை நிலையம்தான் என்று ஒரு வரம்பு தானாகவே வந்துவிடுகிறது. இங்கே 1998ஆம் ஆண்டின் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் கீழ் உரிமம் வேண்டும். சாதாரண மனிதர் நெருங்க முடியாத இடம் அது. அங்கே ஏர்டைம் விலை உயர்ந்ததாக இருப்பதற்கு ஒரு பௌதிகக் காரணமாவது உண்டு.

இணைய வானொலியில் அந்தக் காரணம் இல்லை. நாங்கள் ஐஸ்காஸ்ட் என்ற இலவச மென்பொருளில் விநாடிக்கு 64 கிலோபிட் வேகத்தில் ஒலிபரப்பினோம். ஒரு நேயர் ஒரு மணி நேரம் கேட்டால் 28.8 மெகாபைட். 80 பேர் கேட்டால் ஏறக்குறைய 2.3 கிகாபைட். கைப்பேசியில் ஒரு தமிழ்ப் படம் பார்த்தாலே கிட்டத்தட்ட அவ்வளவு ஆகிவிடும். அலைவரிசைக்குப் பஞ்சமில்லை, செலவும் பெரிதாக இல்லை. ஆனாலும் அங்கே நேரத்துக்கு விலை இருந்தது. அப்படியானால் அந்த விலை எதற்கு? கூடியிருக்கும் அந்த 80 ஜோடிக் காதுகளுக்குத்தான். வேறு எதற்கும் இருக்க முடியாது.

இனி வேலை தேடுவது. நம் நாட்டில் தமிழில் பேசிச் சம்பளம் வாங்க வேண்டுமானால் ஆர்டிஎம்மின் மின்னல் பண்பலை, ஆஸ்ட்ரோவின் ராகா என்று விரல்விட்டு எண்ணிவிடலாம். அங்கேயும் பாட்டுக்கு நடுவே பேசுவதுதான் பெரும்பாலும் வேலை. ஒரு விஷயத்தை எடுத்துக்கொண்டு ஒரு மணி நேரம் நேயர்களோடு பேசும் வானொலிக்கு ஆங்கிலத்தில் 2008 முதல் பிஎஃப்எம் 89.9 இருக்கிறது. வணிகம் பேசும் நிலையம். அதன் நேயர்களைத் தேடி வங்கியும் கார் நிறுவனமும் வரும். செந்தூலில் இரவுக் காவல் வேலை பார்த்தபடி தமிழில் கேட்கிறவரைத் தேடி யார் வருவார்? யாராவது வருவார். அதைப் பிறகு சொல்கிறேன்.

என் தோழி ஒருத்தி பெரிய நிலையங்களின் குரல் தேர்வுக்கு இரண்டு முறை போய்த் திரும்பியவள். கடைசியில் எங்கள் மாடிக்கு வந்தாள். உரிமையாளர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "சம்பளம்லாம் இப்போதைக்கு முடியாதும்மா. வாய்ப்பு தர்றேன். ஞாயித்துக்கிழமை ராத்திரி ஒன்பதுலேருந்து பத்தரை. மாசம் 300 வெள்ளிக்கு ஸ்பான்சர் புடிச்சிட்டு வந்துரு. அதுக்கு மேல வர்றதுல பாதி உனக்கு."

'வாய்ப்பு' என்ற சொல்லைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். வேலை கொடுக்கிறவர் காசு கொடுப்பார், செய்கிறவர் வாங்கிக்கொள்வார் என்பதுதான் உலக வழக்கம். இங்கே வேலை செய்கிறவர் காசு கொண்டுவர வேண்டும். இப்படித் தலைகீழாவது யாருக்கும் உறுத்தாமல் இருக்க அந்த ஒரு சொல் போதுமாக இருக்கிறது. பத்திரிகை, நாடகம், குறும்படம் என்று நாம் நேசிக்கிற எல்லாத் துறையிலும் இந்தச் சொல் உலாவுகிறது. நேசிக்காத துறைகளில் யாரும் இப்படிப் பேசுவதில்லை. ஏர்கான் கழுவ வருகிற பையனிடம் "உனக்கு ஒரு வாய்ப்பு தர்றேன்" என்று எங்கள் உரிமையாளர் சொல்லிப் பார்த்திருந்தால் பையன் அடுத்த நாள் வந்திருக்க மாட்டான்.

அவள் ஏற்றுக்கொண்டாள். நிகழ்ச்சி பிடித்துக்கொண்டது. தலைப்பு ஒன்றும் பெரிதாக இருக்காது. வீட்டுக்கு வராத மகன், முதலாளியிடம் பேசத் தெரியாமை, தாய்மொழிப் பள்ளியா வேறு பள்ளியா, தனியாகச் சாப்பிடுவது இப்படி. லாரி ஓட்டுகிறவர்கள் ஓரமாக நிறுத்திவிட்டுக் கூப்பிடுவார்கள். அடுக்குமாடி வீட்டில் தனியாக இருக்கும் ஒரு பாட்டி வாரம் தவறாமல் வருவார். பேசி முடித்ததும் "சரி, வச்சிடறேன்" என்பார், வைக்க மாட்டார். எங்களிடம் ஏழு விநாடி தாமத வசதி இருந்தது. நேயர் தவறாக ஏதாவது சொன்னால் காற்றில் போகும் முன் வெட்டுவதற்கு. அந்தப் பொத்தான்மேல் விரல் வைத்து உட்கார்ந்திருப்பது என் வேலை. அதனால் ஒவ்வொருவர் பேசுவதையும் மற்ற எல்லாருக்கும் முன்னால் நான்தான் கேட்பேன்.

முதல் நான்கு மாதம் ஒரு சாப்பாட்டுக் கடையும் ஒரு துணிக்கடையும் 300 வெள்ளியைப் பகிர்ந்துகொண்டன. பிறகு துணிக்கடை விலகியது. அப்போது ஒருவர் வந்தார். பொடி விற்கிறவர். மாதம் 1,200 வெள்ளி தருவதாகச் சொன்னார். விளம்பரம் வேண்டாம், கடைசி அரை மணி நேரம் தன்னோடு 'கலந்துரையாடல்' வேண்டும், நேயர்கள் அதில் அழைக்க வேண்டும். அவ்வளவுதான்.

1956ஆம் ஆண்டின் மருந்துகள் (விளம்பரம், விற்பனை) சட்டம் நீரிழிவைக் குணப்படுத்துவதாகப் பொதுமக்களுக்கு விளம்பரம் செய்வதைத் தடுக்கிறது. அவருக்கும் அது தெரிந்திருந்தது. "நான் வியாதி பேர வாய்ல எடுக்கவே மாட்டேன்மா. கூப்புடுறவங்க சொல்லுவாங்க" என்றார். அவருடைய வியாபார ஞானத்தை மெச்சத்தான் வேண்டும். 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி நம் நாட்டில் வயதுவந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களிடையே அது இன்னும் அதிகம். ஞாயிறு இரவு ஒன்பதரைக்குத் தமிழில் கேட்டுக்கொண்டிருப்பவர்களில் எத்தனை பேர் வீட்டில் அந்த மாத்திரை இருக்கும் என்று அவர் கணக்குப் போட்டிருப்பார்.

தோழி அவரிடம் ஒரு மாற்று சொன்னாள். "உங்க கடை பேர சொல்றேன், எந்தெந்த ஊர்ல இருக்குன்னு சொல்றேன், இது காசு குடுத்து வந்த விளம்பரம்னும் சொல்றேன். ஆனா ஃபோன் லைன் மட்டும் தர முடியாது." அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். 300 வெள்ளி சேரவில்லை. இரண்டு மாதத்தில் நிகழ்ச்சி நின்றது. அந்த ஒன்றரை மணி நேரத்துக்கு இப்போது பழைய பாட்டு ஓடுகிறது.

அவள் செய்தது சரியா? "இதுல என்ன கேள்வி, சரிதான்" என்று சட்டென்று சொல்லிவிடலாம். நானும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் அவ்வளவு லேசாகச் சொல்ல மனம் வரவில்லை. கொள்கையைக் காப்பாற்றியவள் அவள், விலை கொடுத்ததில் பாட்டியும் சேர்ந்திருக்கிறார். ஞாயிறு இரவு பேச இருந்த ஒரே ஆளை அவர் இழந்தார். "அரை மணி நேரம் பொடிக்காரர் பேசினா என்ன, மிச்சம் ஒரு மணி நேரம் நல்ல நிகழ்ச்சி இருந்திருக்குமே" என்று உரிமையாளர் என்னிடம் கேட்டார். அது நேர்மையான கேள்வி. பயன் பார்த்து அறம் பேசுகிறவர்கள் எல்லாரும் கேட்கிற கேள்வியும் அதுதான். ஒரு மணி நேர நன்மையையும் அரை மணி நேரத் தீமையையும் தராசில் வைத்துப் பார்க்கச் சொல்கிறார்.

ஆனால் அந்தத் தராசு ஓர் இடத்தில் பிசகுகிறது. அந்த அரை மணி நேரத்தின் மதிப்பு எங்கிருந்து வந்தது? முந்தைய ஒரு மணி நேரத்திலிருந்து. பாட்டி அவளை நம்பினார், அந்த நம்பிக்கையோடுதான் அடுத்த குரலையும் கேட்டிருப்பார். பொடிக்காரருக்கு வேண்டியிருந்ததும் அதுவே. வெறும் அரை மணி நேரம்தான் வேண்டுமென்றால் அவரே சொந்தமாக ஒரு சர்வர் வைத்துப் பேசியிருக்கலாம், என்னிடம் கேட்டிருந்தால் ஒரு மாலையில் அமைத்துக் கொடுத்திருப்பேன். இரண்டு பகுதியையும் பிரித்து எடை போட முடியாது. முன்பகுதி எவ்வளவு நன்றாக இருக்கிறதோ, பின்பகுதி அவ்வளவு ஆபத்தாகிறது.

அமெரிக்காவில் சிறிய நிலையங்கள் மணிக்கணக்கில் நேரத்தை விற்பது பழைய வழக்கம். குடியேறிகள் தங்கள் மொழியில் பேச அதுதான் பல நேரங்களில் ஒரே வழி. அதைக் குற்றம் என்று அங்குள்ள சட்டம் சொல்வதில்லை. காசு வாங்கி ஒன்றை ஒலிபரப்பினால் கொடுத்தவர் யார் என்று அறிவிக்க வேண்டும் என்கிறது. 1950களின் இறுதியில் இசைத்தட்டு நிறுவனங்களிடம் ரகசியமாகப் பணம் வாங்கிப் பாட்டுப் போட்ட 'பேயோலா' விவகாரம் வெடித்தபோதும் கோபம் பணத்தின்மேல் மட்டுமல்ல, ரகசியத்தின்மேலும்தான். நேரத்தை விற்கலாம். இந்தக் குரல் யாருடையது என்று நேயர் நினைத்துக்கொண்டிருக்கிறாரே, அந்த நினைப்பை விற்க முடியாது. அது நிலையத்தின் சொத்தே அல்ல. நேயர் நம்பி ஒப்படைத்தது.

இதுவரை பலரும் ஒப்புக்கொள்வார்கள். நான் இன்னொன்றும் சொல்ல வேண்டும். கலையுலகில் நமக்கு ஒரு நம்பிக்கை உண்டு. காசு வாங்காமல் பேசுகிறவரே சுதந்திரமாகப் பேசுகிறவர், சம்பளம் வந்தால் குரல் கட்டப்பட்டுவிடும் என்று. அந்த மாடியில் நான் பார்த்தது இதற்கு நேர் எதிர். மாதம் ஆயிரம் வெள்ளியாவது அவள் கையில் வந்துகொண்டிருந்தால் பொடிக்காரர் வந்த நாள் ஒரு சாதாரண நாளாகப் போயிருக்கும். "வேணாங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்த்திருப்பாள். சம்பளம் இல்லாததால் அந்த ஒரு மறுப்புக்கு முழு நிகழ்ச்சியையும் கொடுக்க வேண்டியிருந்தது. அவள் கொடுத்தாள். எல்லாரிடமும் அதை எதிர்பார்க்கலாமா? இலவசமாக உழைக்கிற குரல், முதலில் காசோடு வருகிறவருக்கு முன்னால் நிராயுதபாணியாக நிற்கிறது. நேர்மையைத் தனிமனித வீரமாக விட்டுவிடும் ஏற்பாடு மோசமான ஏற்பாடு. அதில் வீரர்கள் வெளியேறுவார்கள், மற்றவர்கள் மிஞ்சுவார்கள்.

'ஆர்வத்துக்காகச் செய்கிறோம், நீயும் மூன்று வருடம் சும்மாதானே வந்தாய்' என்று கேட்கலாம். ஆமாம். ஆனால் எனக்குப் பகலில் தொழிற்சாலைச் சம்பளம் இருந்தது. என் ஆர்வத்துக்கு அந்தத் தொழிற்சாலைதான் ஸ்பான்சர். அவளுக்கு அப்படி ஒன்று இல்லை. சும்மா செய்ய முடிகிறவர்கள் மட்டுமே பேசினால், வசதி உள்ளவர்களின் குரல் மட்டுமே காற்றில் இருக்கும்.

ஜெர்மானிய நாடகாசிரியர் பெர்டோல்ட் பிரெக்ட் 1932இல் வானொலி பற்றிப் பேசும்போது, கேட்கிறவரையும் பேச வைக்கக்கூடிய கருவியாக அது மாற வேண்டும் என்று வாதிட்டார். தொழில்நுட்பம் அதை எப்போதோ சாத்தியமாக்கிவிட்டது. ஆனால் செலவை யார் ஏற்பது என்பதை நாம் இன்னும் பேசி முடிக்கவில்லை. கணக்கு அப்படியொன்றும் பயமுறுத்துவதாக இல்லை. 120 பேர் மாதம் ஐந்து வெள்ளி கொடுத்தால் 600. பாதி நிலையத்துக்கு, பாதி பேசுகிறவருக்கு. அந்தப் பாதி சம்பளம் ஆகாதுதான். ஆனால் பொடிக்காரர் வரும் நாளில் உட்கார்ந்து யோசிக்க ஒரு நாற்காலியாவது கிடைக்கும்.

இதில் சிக்கல் இருக்கிறது. பாட்டியிடம் ஐந்து வெள்ளி கேட்க எனக்கு நா எழாது. இரவுக் காவலரிடமும் கேட்க மாட்டேன். அவர்களுக்காக வேறு யாராவது கொடுக்க வேண்டும். ஒரு வேளை தேநீருக்கும் ரொட்டி சானாய்க்கும் அதைவிட அதிகமாகச் செலவழிக்கிற நானும், இதை வாசிக்கிற நீங்களும். நாமோ அந்த நேரத்தில் அந்த வானொலியைக் கேட்கிறவர்கள் அல்ல. நமக்குப் பயன்படாத ஒரு நிகழ்ச்சிக்கு, நமக்குத் தெரியாத ஒரு பாட்டிக்காக நாம் காசு கொடுப்போமா என்பதில்தான் இது வந்து நிற்கிறது.

கொடுக்க வேறு ஆளும் இருக்கிறார். அவர் 1,200 வெள்ளியோடு காத்திருக்கிறார்.