இதயத்தை மட்டும் இறைவனிடம் விட்டவர்கள்

1998 பெப்ரவரி 3ஆம் திகதி மாலை, அமெரிக்காவின் டெக்சாஸ் மாநில ஆளுநராக இருந்த ஜோர்ஜ் டபிள்யூ. புஷ் ஒரு சிறு அறிக்கையை வாசித்தார். கார்லா ஃபே டக்கர் என்ற பெண்ணுக்கு விதிக்கப்பட்ட மரண தண்டனையைத் தாம் ஒத்திவைக்கப் போவதில்லை என்பதே அதன் சாரம். பிரார்த்தனையில் வழிகாட்டல் தேடியதாகவும், மரண தண்டனைக் கைதி ஒருவரின் இதயத்தையும் ஆன்மாவையும் பற்றிய தீர்ப்பை மேலான ஓர் அதிகாரத்திடம் விட்டுவிடுவதே சிறந்தது என்ற முடிவுக்கு வந்ததாகவும் அவர் சொன்னார். கார்லாவுக்கும் அவரால் கொல்லப்பட்டவர்களின் குடும்பத்தாருக்கும் இறைவனின் ஆசீர்வாதத்தை வேண்டி முடித்தார். அன்று மாலை 6.45 மணிக்கு, ஹன்ட்ஸ்வில் சிறையில் விஷ ஊசி ஏற்றப்பட்ட கார்லா இறந்துவிட்டதாக அறிவிக்கப்பட்டது.

பிறர் மீது தீர்ப்புச் சொல்லாதிருங்கள் என்பது, ஈஸா (அலை) அவர்களின் பெயரால் கிறிஸ்தவ உலகம் காலம் காலமாக ஓதிவரும் போதனை. மேலோட்டமாகப் பார்த்தால் புஷ் அதைத்தான் கடைப்பிடித்திருக்கிறார். ஒரு மனுஷியின் உள்ளம் திருந்தியதா இல்லையா என்று தீர்ப்புச் சொல்ல நான் யார் என்று கேட்டிருக்கிறார். எவ்வளவு பணிவு! ஆனால் அந்தப் பணிவின் விளைவு ஒரு கொலைத் தண்டனை. இதயத்தை இறைவனிடம் விட்டவர் உடலை மட்டும் சட்டத்திடம் கொடுத்துவிட்டார். தீர்ப்பிடாதிருத்தல் என்ற போதனையே தீர்ப்பை நிறைவேற்றும் கருவியாகிவிட்ட இடம் இது. கிறிஸ்தவக் கருணைக்கும் அரசியல் தீர்ப்புக்கும் இடையிலான பிணக்கை இதைவிடத் தெளிவாகக் காட்டும் இன்னொரு நிகழ்வை நான் அறியேன்.

குற்றத்தை மென்மையாக்கிச் சொல்லக் கூடாது. 1983 ஜூனில் ஹூஸ்டன் நகரில், போதையிலிருந்த கார்லாவும் அவருடைய கூட்டாளியும் ஒரு வீட்டுக்குள் நுழைந்து, ஜெரி டீன் என்பவரையும் அங்கிருந்த தெபோரா தோர்ன்டன் என்ற பெண்ணையும் கொன்றார்கள். ஆயுதம், நிலம் கொத்தும் கூர்முனைப் பிக்காசு. தெபோராவுக்கும் கார்லாவுக்கும் எந்த முன்பகையும் இருக்கவில்லை. அப்போது கார்லாவுக்கு 23 வயது. சிறையில் அவர் வேதாகமத்தைக் கையிலெடுத்தார். கிறிஸ்தவராக மறுபிறவி எடுத்ததாகச் சொன்னார். அடுத்து வந்த சுமார் பதினான்கு ஆண்டுகளில் அவரோடு பழகிய பலரும் அதை நம்பினார்கள். பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் அவருக்காகக் கருணை கேட்டார். 1981இல் தம்மைச் சுட்டவனை 1983இல் சிறைக்கே சென்று சந்தித்தவர் அவர் என்பதால், அந்தக் கோரிக்கைக்கு ஒரு தகுதி இருந்தது.

புஷ் தம் முன்னால் வைத்துக்கொண்ட கேள்விகள் இரண்டு. இவர் குற்றவாளிதானா என்பதில் ஐயம் உண்டா? நீதிமன்றங்கள் வழக்கை ஆராயப் போதிய வாய்ப்புக் கிடைத்ததா? முதலாவதற்கு ஐயமில்லை என்றும் இரண்டாவதற்குக் கிடைத்தது என்றும் பதில் வந்தது. எனவே தண்டனை. கொஞ்சம் நின்று யோசித்தால், இவ்விரண்டுமே நீதியைப் பற்றிய கேள்விகள்தாம் என்பது புரியும். ஐயம் இருந்தால் ஒருவரை விடுவிப்பது நீதி; அதற்குக் கருணை தேவையில்லை. குற்றம் ஐயமின்றி நிரூபணமாகி, நீதி தன் வேலையை முடித்துக்கொண்ட பிறகுதான் கருணை என்ற சொல்லுக்கே வேலை வருகிறது. அந்த இடத்தில் கேட்க வேண்டிய மூன்றாவது கேள்வியை ஆளுநர் கேட்கவே இல்லை. தலைவலிக்கு மருந்து கேட்டு வந்தவரிடம் கால் நன்றாக இருக்கிறதா என்று பார்த்து அனுப்பிவிட்டதைப் போன்றது இது.

டெக்சாஸ் சட்டம் இதற்கு ஒரு வசதியையும் செய்து கொடுத்திருக்கிறது. மன்னிப்புச் சபை பரிந்துரைக்காமல் ஆளுநரால் தண்டனையைக் குறைக்க முடியாது. முப்பது நாட்கள் ஒத்திவைக்க மட்டுமே அவரால் முடியும். அக்காலத்தில் 18 பேர் கொண்டிருந்த அச்சபையோ கூடிப் பேசவே இல்லை. அங்கத்தவர்கள் தத்தம் இடங்களிலிருந்து தொலைநகலில் வாக்குகளை அனுப்பினார்கள். 16 பேர் கருணை வேண்டாம் என்றார்கள், இருவர் வாக்களிக்கவில்லை. ஆளுநர் சபையைக் காட்டினார், சபை நீதிமன்றத்தைக் காட்டியது, நீதிமன்றம் சட்டத்தைக் காட்டியது. மரண தண்டனையை நிறைவேற்றியவர் என்று யாரும் இல்லை. ஒருவரைத் தவிர. கார்லாவை மேசையில் பட்டிகளால் கட்டிய காவலர் குழுவின் தலைவர் ஃப்ரெட் அலன், அதற்கு முன் நூற்றுக்கும் மேற்பட்ட தடவைகள் அதே வேலையைச் செய்தவர். இம்முறை சில நாட்களிலேயே நிலைகுலைந்து போனார். வேலையை விட்டார்; ஓய்வூதியத்தையும் இழந்தார். வெர்னர் ஹெர்சொக்கின் 2011ஆம் ஆண்டு ஆவணப்படத்தில் அவரே இதைச் சொல்கிறார்.

கிறிஸ்தவர்களுக்குள்ளேயே இது தீராத வழக்கு. ஆட்சியாளன் வாளை வீணாக ஏந்தவில்லை என்ற கருத்துப்பட பவுல் ரோமருக்கு எழுதியதை ஒரு சாரார் எடுத்துக்காட்டுவார்கள். தனிமனிதன் மன்னிக்கலாம், அரசு மன்னிக்கலாகாது என்பது அவர்கள் வாதம். அது எளிதில் தள்ளிவிடக் கூடிய வாதமும் அல்ல. தன் மகனைக் கொன்றவனை ஒரு தாய் மன்னிப்பதும், வேறொருவரின் மகனைக் கொன்றவனை மந்திரி மன்னிப்பதும் ஒன்றாகுமா? மறுசாரார் யோவான் சுவிசேஷத்தில் வரும், விபசாரக் குற்றம் சாட்டப்பட்ட பெண்ணின் கதையைக் காட்டுவார்கள். கல்லெறிய வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கலைந்து போகும் கதை. இக்கதை அச்சுவிசேஷத்தின் மிகப் பழைய பிரதிகளில் காணப்படவில்லை. பெண்கள் பாவம் செய்யத் துணிந்துவிடுவார்கள் என்ற பயத்தில் சிலர் அதை நீக்கியிருக்கலாம் என்று புனித அகுஸ்தீன் கருதினார். அவர் ஊகம் சரியோ பிழையோ, கருணையைக் கண்டு பயப்படும் மனத்தை அவர் நன்றாக அறிந்திருந்தார். எமது பயான் மேடைகளிலும் அந்தப் பயத்தின் குரலை நாம் கேட்டதில்லையா?

கார்லாவுக்காகக் குரல் கொடுத்தவர்களையும் கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டும். தொலைக்காட்சிப் பிரசங்கியும் மரண தண்டனை ஆதரவாளருமான பெட் ரொபர்ட்சன் அவருக்காக வாதாடினார். முந்திய ஆண்டான 1997இல் மட்டும் டெக்சாஸ் 37 பேரைக் கொன்றிருந்தது. அவர்களுக்காக அந்த மேடைகளில் இப்படியொரு குரல் எழவில்லை. கார்லா வெள்ளைக்காரப் பெண், இனிமையாகப் பேசுவார், எல்லாவற்றுக்கும் மேலாக, அவர்களுடைய மொழியில் பிரார்த்திப்பார். எம்மைப் போல ஆகிவிட்டவருக்காக இரங்குவது உறவுணர்ச்சி. அதில் தவறில்லை, ஆனால் அதைக் கருணை என்று அழைப்பதில் எனக்குத் தயக்கமுண்டு. ரொபர்ட்சனுக்கும் ஏதோ உறுத்தியிருக்க வேண்டும். 2000ஆம் ஆண்டில், மரண தண்டனைகளைத் தற்காலிகமாக நிறுத்த வேண்டுமென்று அவர் கேட்டார். அதே ஆண்டில் புஷ் 'கருணையுள்ள பழைமைவாதம்' என்ற சுலோகத்தோடு ஜனாதிபதித் தேர்தலில் நின்று வென்றார். அவரது ஆளுநர் காலத்தில் நிறைவேற்றப்பட்ட மரண தண்டனைகள் 152. பின்னர் ஈராக்கில் நடந்ததை எமது வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இந்தக் கதையில் என்னை அதிகம் தடுத்து நிறுத்துபவர்கள் வேறு இருவர். கொல்லப்பட்ட தெபோராவின் சகோதரர் ரொன் கார்ல்சன் கார்லாவை மன்னித்தார். சிறைக்குச் சென்று சந்தித்தார். தண்டனை நிறைவேறிய போது கார்லாவின் பக்கத்துச் சாட்சியாக நின்றார். தெபோராவின் கணவர் ரிச்சர்ட் தோர்ன்டன் கொல்லப்பட்டவரின் பக்கத்துச் சாட்சியாக வந்திருந்தார். மனைவிக்கு நீதி கிடைத்ததென்று திருப்தியடைந்தார். ஒரே பெண்ணை இழந்த இருவர். ரிச்சர்ட்டின் கோபத்தைக் குறை சொல்ல எனக்கு நா எழவில்லை. ஹம்ஸா (ரழி) அவர்களைக் கொன்ற வஹ்ஷியை நபி (ஸல்) அவர்கள் மன்னித்தார்கள். ஆயினும் தம் கண்முன் வராதிருக்க முடியுமா என்றும் அவரிடம் கேட்டார்கள். மன்னிப்பவருக்கும் வலி மிஞ்சும். மன்னிக்காதவருக்கு அது எவ்வளவு இருக்கும்!

ஆனால் ரொன்னின் மன்னிப்புக்கு டெக்சாஸ் சட்டத்தில் எந்தப் பெறுமதியும் இருக்கவில்லை. பதின்மூன்று ஆண்டுகளின் பின், அதே சுவரில் ஒரு முஸ்லிம் வந்து மோதினார்.

ரைஸ் புய்யான் பங்களாதேஷிலிருந்து சென்றவர். டலஸ் நகரில் ஒரு பெற்றோல் நிலையக் கடையில் வேலை செய்துகொண்டிருந்தார். 2001 செப்டெம்பர் 21ஆம் திகதி மார்க் ஸ்ட்ரோமன் என்பவன் துப்பாக்கியோடு உள்ளே வந்து, எந்த ஊர் என்று கேட்டுவிட்டு முகத்தில் சுட்டான். இரட்டைக் கோபுரத் தாக்குதலுக்குப் பழிவாங்குவதாக எண்ணிக்கொண்டு அவன் அந்த நாட்களில் பாகிஸ்தானியரான வக்கார் ஹசனையும், இந்தியரான வாசுதேவ் பட்டேலையும் கொன்றான். பட்டேல் முஸ்லிமும் அல்ல. ரைஸ் உயிர் தப்பினார். ஒரு கண்ணின் பார்வை போயிற்று. 2009இல் தாயாரோடு ஹஜ் செய்துவிட்டுத் திரும்பியவர், ஸ்ட்ரோமனின் உயிரைக் காப்பாற்றும் முயற்சியில் இறங்கினார். இஸ்லாம் தனக்குக் கற்றுத்தந்தது இதுதான் என்றார். பாதிக்கப்பட்டவர் என்ற முறையில் குற்றவாளியைச் சந்திக்கும் உரிமை தனக்கு மறுக்கப்பட்டதாக ஆளுநர் ரிக் பெரிக்கு எதிராக வழக்கும் போட்டார். 2011 ஜூலை 20ஆம் திகதி, நீதிமன்றங்கள் அவரது மனுவைத் தள்ளுபடி செய்யும்வரை சில மணி நேரம் தாமதித்து, ஸ்ட்ரோமனைக் கொன்றார்கள். அன்று இருவரும் தொலைபேசியில் பேசினார்கள். முஸ்லிம்களை வேட்டையாடப் புறப்பட்டவன் ரைஸைச் சகோதரன் என்று அழைத்தான்.

அல்பகரா அத்தியாயத்தின் 178ஆம் வசனம் கொலைக்குக் கொலை என்ற கிஸாஸைப் பேசுகிறது. மன்னிப்பையும் அங்கேயே பேசுகிறது. அப்படிப் பேசும்போது, கொல்லப்பட்டவரின் உரித்தாளியைக் கொன்றவனின் 'சகோதரன்' என்று குறிப்பிடுகிறது. நாம் எத்தனை முறை ஓதியும் கவனியாது கடந்து போகும் சொல் அது.

ஸ்ட்ரோமனின் மரணத்துக்கு இரண்டரை வாரங்களின் பின், ஆகஸ்ட் 6ஆம் திகதி, ரிக் பெரி ஹூஸ்டனின் ஒரு பெரிய மைதானத்தில் ஆயிரக்கணக்கான கிறிஸ்தவர்களைத் திரட்டித் தேசத்துக்காகப் பிரார்த்தனை நடத்தினார். அடுத்த மாதம் நடந்த ஜனாதிபதி வேட்பாளர் விவாதத்தில், அவரது காலத்தில் 234 பேருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டிருப்பது குறிப்பிடப்பட்ட போது சபையோர் கைதட்டினார்கள். அவர்களில் ஒருவராவது நிரபராதியாக இருக்கக்கூடுமே என்று இரவில் தூக்கம் கெட்டதுண்டா என்ற கேள்விக்கு, இல்லை என்பதே அவரது பதில். 2018இல் அதே டெக்சாஸ் ஒருவரது மரண தண்டனையை ஆயுள் தண்டனையாகக் குறைத்தது. தன் குடும்பத்தையே கொல்ல ஆள் ஏவிய மகனுக்காக, சூடுபட்டுப் பிழைத்த தந்தையே கெஞ்சிக் கேட்ட வழக்கு அது. அந்தத் தந்தையின் மன்னிப்பு எடைபோடப்பட்டது. ரைஸின் மன்னிப்பு ஏன் எடைபோடப்படவில்லை என்று கேட்கத் தோன்றுகிறது.

இங்கே எமக்கு ஒரு பெருமிதம் எழுவது இயல்பு. கிறிஸ்தவ ஆளுநர்கள் கொன்றார்கள், முஸ்லிம் மன்னித்தார். பாதிக்கப்பட்டவரின் மன்னிப்புக்குப் பெறுமதி கொடுப்பது எமது ஷரீஆ. உண்மைதான். அந்தப் பெருமிதத்தோடு கட்டுரையை முடித்தால் வாசகர்களுக்கும் இதமாக இருக்கும். ஆனால் இடையில் மூதூர் இருக்கிறது.

மூதூரின் ரிஸானா நபீக் 2005இல், 17 வயதில், வயது கூட்டி எழுதப்பட்ட கடவுச்சீட்டோடு சவூதி அரேபியாவுக்குப் பணிப்பெண்ணாகப் போனார். சில வாரங்களில் அவரது பொறுப்பிலிருந்த நான்கு மாதக் குழந்தை இறந்தது. 2013 ஜனவரி 9ஆம் திகதி அவரது தலை வெட்டப்பட்டது. கார்லாவின் வழக்கோடு இதை ஒப்பிடக் கூடாது. அங்கே குற்றத்தில் ஐயமில்லை, இங்கே ஐயத்தைத் தவிர வேறொன்றுமில்லை. பால் கொடுக்கும்போது புரையேறியதாகவே ரிஸானா சொன்னார். வாக்குமூலம் வற்புறுத்திப் பெறப்பட்டது என்றார். உலகமெங்கும் இருந்து கோரிக்கைகள் போயின. அரச தரப்பிலிருந்து வந்த பதில், குழந்தையின் குடும்பம் மன்னிக்கவில்லை, தியா பெறவும் சம்மதிக்கவில்லை என்பதே. டெக்சாஸில் பாதிக்கப்பட்டவர் மன்னித்தும் அரசு விடவில்லை. தவாத்மியில் பாதிக்கப்பட்டவர் மன்னிக்கவில்லை என்று அரசு விலகிக்கொண்டது. பிள்ளையை இழந்த அந்தத் தாயை நான் நோகமாட்டேன். ஒரு வழக்கின் முழுப் பாரத்தையும் அந்தத் தாயின் துயரத்தின் மீது இறக்கிவைத்துவிட்டுக் கைகளைக் கழுவிக்கொண்டவர்களைப் பற்றித்தான் பேச்சு.

அந்த நாட்களில் எம்மவர் சிலர், அல்லாஹ்வின் சட்டம் நிறைவேறியது, இதில் நாம் கருத்துச் சொல்லலாகாது, ரிஸானாவின் உள்ளத்தை அல்லாஹ் அறிவான் என்று எழுதினார்கள், பேசினார்கள். புஷ்ஷின் அறிக்கையை அவர்கள் வாசித்திருக்க வாய்ப்பில்லை. சந்தேகம் இருக்கும் இடத்தில் தண்டனையைத் தவிருங்கள் என்பது எமது பிக்ஹு நூல்களில் மாணவர்கள் ஆரம்பத்திலேயே படிக்கும் விதி. அந்த விதியை ரிஸானாவுக்காகத் தவாத்மியில் எடுத்துச் சொன்னவர் யார், தமிழ் மட்டுமே அறிந்த அப்பிள்ளையின் சொற்களை அரபியில் ஒழுங்காகச் சொல்ல அங்கே யார் இருந்தார் என்பதைக்கூட அவர்களில் எவரும் அப்போது கேட்கவில்லை.