எரிபொருளும் வினைப்பங்கும்

எரிப்பவர் ஒருவர், புகையை மூச்சில் வாங்குபவர் இன்னொருவர் என்றால், எரிபொருளைத் தேர்ந்தவருக்கு அந்தத் தீங்கில் பங்கு உண்டா? இதையொத்த கேள்வியைத் தமிழ்ச் சமணர் இறைச்சியை முன்வைத்து எழுப்பினர். கொன்றவருக்கே பாவம், வாங்கி உண்பவருக்கு இல்லை என்ற பௌத்தர் வாதத்தை நீலகேசி என்ற சமணக் காப்பியம் மறுக்கிறது. வாங்க ஆளிருப்பதால்தானே விற்க ஆள் வருகிறார் என்ற இந்த எண்ணம் குறளின் புலால் மறுத்தல் அதிகாரத்திலும் உண்டு.

இனி எரிபொருளுக்கு வருவோம். சென்னையில் காசிமேட்டு விசைப்படகு, துறைமுகச் சாலையில் வரிசைகட்டும் கண்டெய்னர் லாரி, எண்ணூருக்கு வரும் சரக்குக் கப்பல் எல்லாம் பெரும்பாலும் டீசல் எஞ்சினில் ஓடுபவைதான். எரிப்பது மட்டும் ஒன்றல்ல. 2020 ஏப்ரல் 1 முதல் பெட்ரோல் பங்குகளில் விற்கும் பி.எஸ். 6 டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்கைத் தாண்டக் கூடாது. கப்பல் எண்ணெய்க்கு அதே ஆண்டு ஜனவரி 1 முதல் உலக வரம்பு 0.5 சதவீதம், அதாவது 500 மடங்கு. அதற்கு முன்போ 3.5 சதவீதம்.

லாரிக்காரர் டீசலில் மண்ணெண்ணெய் கலந்தால் வழுவழுப்புக் குறைந்து பம்பும் நாசிலும் தேயும். வினை செய்தவரையே முதலில் பிடிக்கும், செலவும் அவருடையது. கப்பலில் அப்படி நடப்பதில்லை. மலிவான கனஎண்ணெய் அந்தப் பெரிய எஞ்சினுக்கு நன்றாகவே ஒத்துப்போகும். கேடு கரையில் இருப்பவருக்கு. 2017 ஜனவரி 28 அன்று எண்ணூர் அருகே இரு கப்பல்கள் மோதியபோது கடலில் கொட்டியது இந்த வகை எண்ணெய்தான். டீசலாக இருந்தால் மீனுக்கு நஞ்சுதான், ஆனாலும் பெரும்பகுதி சில நாளில் ஆவியாகிக் கலைந்திருக்கும். கனஎண்ணெய் பாறையில் தாராக ஒட்டிக்கொண்டது. அதை வாளியால் அள்ளினார்கள். எஞ்சினுக்குப் பொருந்துவதை மட்டும் பார்த்துச் சரியான எரிபொருள் என்று சொல்லிவிட முடியாது.

பங்கு எல்லோருக்கும் ஒரே அளவா என்பது அடுத்த சிக்கல். சமணம் துறவிக்கு மகாவிரதமும் இல்லறத்தாருக்கு அணுவிரதமும் வைத்தது. கடமை அவரவர் இயல்வதைப் பொறுத்தது. இங்கும் அந்த அளவுகோல் பொருந்தும். விசைப்படகுக்காரருக்கு டீசலை விட்டால் வேறு வழியில்லை. கப்பல் நிறுவனத்துக்கு உண்டு: கந்தகம் குறைந்த எண்ணெய், திரவ எரிவாயு, அல்லது பழைய எண்ணெயையே எரித்துப் புகையை ஸ்க்ரப்பரில் கழுவுவது. விதி மூன்றையும் ஏற்கிறது. கடைசி வழியில், திறந்த வகை ஸ்க்ரப்பர் கழுவிய நீரை உலோகத் துகள்களோடு கடலிலேயே விடுகிறது. சட்டப்படி அந்தக் கப்பல் கந்தக வரம்புக்கு உட்பட்டதுதான். நீலகேசி அதன் பங்கைத் தள்ளுபடி செய்திருக்காது.