கூட்டைச் சாத்துவது யாருக்காக?

பாதுகாப்புக்காக ஓர் உயிரைப் பூட்டி வைப்பது நியாயமா? பல்கலைக்கழகத்தை இடையில் விட்டு வந்தவர்கள் நாங்கள். அங்கே கேட்டிருக்க வேண்டிய இந்தக் கேள்வியை எங்களிடம் கொண்டுவந்தவை ஐந்து தாராக்கள்.

ஜேர்மனியின் ஹெசன் மாநிலத்தில், காட்டோரக் கிராமமொன்றின் பழைய வீட்டில் நாங்கள் மூவர் வாடகைக்கு இருக்கிறோம். மூவருக்கும் றெஸ்ரோறன்ட் வேலை. மூன்று மணிக்குப் புறப்பட்டால், கோப்பை கழுவி, வெங்காயம் உரித்து, வீடு திரும்ப நள்ளிரவு தாண்டிவிடும். பின்வளவு சும்மா கிடக்கிறதே என்று ஓர் இலையுதிர்காலத்தில் தாரா வாங்கினோம். ஊரில் அம்மாமார் பொழுதுபடக் கோழிகளை அடைத்ததைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதிலென்ன கஷ்டம் என்று நினைத்தோம்.

தாரா கோழியல்ல. கோழி இருட்டுப்படத் தானே கூடு தேடி உயரத்தில் ஏறும். தாரா நிலத்திலேயே படுத்துவிடும், சாய்த்துக்கொண்டுபோய் அடைக்கவேண்டும். நேரம் பார்த்துத் தானே மூடுகிற மின்கதவை நம்பினால் தாரா வெளியே நிற்கக் கதவு மூடிவிடும்.

முதற் கூட்டை மெல்லிய கோழிக்கம்பியால் அடித்தோம். ஒரு மாசி இரவு நரி அதைப் பிய்த்துக்கொண்டு உள்ளே போயிற்று. நாங்கள் வந்தபோது இரண்டு தாராக்களின் இறகுகள்தான் மிச்சம். உள்ளே இருப்பதை வெளியே விடாத கம்பி, வெளியே இருப்பதைத் தடுக்கவில்லை என்பது அன்றுதான் விளங்கியது.

இரண்டாவது கூட்டை நரியின் பக்கத்தில் நின்று யோசித்தோம். அரை அங்குலக் கண்ணுள்ள தடித்த கம்பிவலை. நரி கிண்டுமென்பதால் சுற்றிவர வெளிப்புறமாக ஒன்றரை அடிக்கு வலையை விரித்து மண்போட்டு மூடினோம். காற்றுக்குத் தலைக்கு மேலே திறப்பு, கீழே காய்ந்த வைக்கோல். கதவுக்கு இரண்டு கொளுக்கி. ஏனெனில் ஒன்றை றக்கூன் கையால் திறந்துவிடும். 1934இல் இதே மாநிலத்தின் எடர்சே ஏரிப் பகுதியில் விடப்பட்ட வட அமெரிக்க விலங்கு அது. ஜேர்மனியர் அதைக் 'கழுவும் கரடி' என்கிறார்கள். வந்தேறி, அதிலும் கழுவுகிறவர், எங்களுக்குச் சொந்தம்தான்.

கூட்டமாகத் தூங்கும் தாராக்களில் ஓரத்தில் இருப்பது ஒரு கண்ணைத் திறந்தபடி பாதி மூளையால் மட்டும் தூங்கக்கூடியது என்று 1999இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். முகாம்களில் படுத்தெழும்பிய எங்களுக்கு அது புதினமல்ல. அந்தக் காவலை அதனிடமிருந்து நாங்கள் ஏற்றுக்கொள்வதே பூட்டுக்குள்ள நியாயம்.

ஆனால் ஆனி மாதம் வந்தது. இங்கே பொழுதுபட இரவு ஒன்பதரையாகும். நாங்களோ மூன்று மணிக்கே அடைத்தோம். அலுப்பில் காலை பத்துவரை தூங்கினோம். பத்தொன்பது மணி நேரம் அவை உள்ளே. இரவு எட்டு மணி நேரம்கூட இல்லை. மிச்ச நேரம் எந்த நரிக்காக?

'உங்கள் பாதுகாப்புக்காகத்தான்' என்பது நாங்கள் கேட்டுப் பழகிய சொல். 2009இல் வன்னியிலிருந்து வந்த இரண்டரை இலட்சத்துக்கு மேற்பட்ட சனம் வவுனியாவில் முட்கம்பிக்குள் வைக்கப்பட்டபோதும் அதைச் சொன்னார்கள். தாராவும் சனமும் ஒன்றல்ல. ஆனால் பூட்டியவர்கள் சொன்ன காரணத்தை நாங்களும் சொல்லிக்கொண்டிருந்தோம். அதுதான் வெட்கம்.

எங்களுக்குப் பட்டது இதுதான்: விடியத் திறக்க எழும்புகிறவனுக்கே பொழுதுபடப் பூட்டும் உரிமையுண்டு.

இப்போது முறைவைத்து ஆறு மணிக்கு எழும்புகிறோம். பொழுதுபட அடைத்துவிடும்படி அயல்வீட்டு வயதான அம்மாவிடம் கேட்டோம். கேட்பதற்கே மாதக்கணக்காகக் கூச்சப்பட்டோம். அவர் முட்டைகளை வாங்கிக்கொள்கிறார். அவர் மகள் வீட்டுக்குப் போகும் நாட்களில் இன்னமும் மூன்று மணிக்கே அடைக்கிறோம். அதைப் பாதுகாப்பு என்று சொல்வதை மட்டும் விட்டுவிட்டோம்.