பொறுமையும் மடியும்

சென்ற தைத்திங்கள் தொடக்கத்தில் எம் நண்பர் ஒருவர் எம்மைத் தம் மனையின் புறக்கடைக்கு அழைத்துச் சென்று, வேலியும் கூரையும் ஏறிப் படர்ந்திருந்த பரங்கிக்கொடி ஒன்றைக் காட்டினார். "ஐயா, ஐப்பசி முதலில் விதைத்தேன். கொடி இவ்வளவு செழித்திருக்கிறது. மார்கழி முழுதும் பூத்தது. ஒரு பிஞ்சேனும் நின்றிலது. காய்க்குங் காலம் வந்தாற் காய்க்கும் எனப் பொறுத்திருக்கின்றேன். பொறுமையினும் பெரியது உண்டோ?" என்றார். அவர் எம்பால் வேண்டியது உடன்பாடு ஒன்றே. யாமோ உடனே விடை கூறிலேம். பொறுத்திருத்தலும் வாளாவிருத்தலும் புறத்தே நோக்குவார்க்கு ஒரு தன்மையாகவே தோன்றுதலின், நண்பர்பாலுள்ளது இவற்றுள் யாது என்னும் ஐயம் எமக்குண்டாயிற்று. அதனை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

பெயர்பற்றி ஒரு சொல். தஞ்சைப் பக்கத்தார் பரங்கி என்னும் இம் மஞ்சட்காயை மதுரை, நெல்லைப் பக்கத்தார் பூசணி என்பர், வெண்பூசணி வேறு. பரங்கி அமெரிக்கக் கண்டத்திற்குரியது. கொலம்பசு 1492-இல் அக்கண்டத்தைச் சேர்ந்த பின்னரே ஏனைய நாடுகளிற் பரவியது. வந்த வழியை அதன் பெயரே காட்டும்.

இக்கொடியில் ஆண்பூவும் பெண்பூவும் வெவ்வேறாக மலரும். ஆண்பூ நீண்டு மெலிந்த காம்புடையது. நடுவே மகரந்தத்தண்டு ஒன்று நிற்கும். பெண்பூவோ குறுங்காம்புடையது, இதழின்கீழ்ச் சிறு பிஞ்சு போன்ற சூற்பை மலருமுன்னரே காணப்படும். விதைத்து ஏறக்குறைய ஒன்றரைத் திங்களிற் பூக்கத் தொடங்குங் கொடி, முதல் ஒன்றிரண்டு வாரம் ஆண்பூக்களையே தரும். அக்காலத்து, "பூத்துங் காய்த்திலதே" என்று வருந்துதல் அறியாமை. அதன் பின்னும் ஒரு பெண்பூவிற்குப் பத்துக்கு மேற்பட்ட ஆண்பூ மலர்தலே இயல்பு. வெயில் மிக்கு நெடும்பகலாயின் ஆண்பூ பெருகும். தண்ணிய குறும்பகலிற் பெண்பூ மிகும். எருவும் யூரியாவும் அளவிறந்து இடின், தழைச்சத்து மிக்கு, இலையுங் கொடியுமே ஓங்கிக் காய்ப்புப் பின்தங்கும். அன்பினால் மிகுதியாக ஊட்டிக் கெடுத்தல் மக்கள்மாட்டு மட்டுமன்று, கொடியின்மாட்டும் உண்டு போலும்!

பெண்பூ விடியலில் விரிந்து, வெயில் ஏறியவுடன் கூம்பிவிடும். மறுநாள் மீண்டும் விரியாது. அச்சில நாழிகைக்குள் மகரந்தம் அதன் சூல்முடியிற் படிதல் வேண்டும். பரங்கியின் மகரந்தம் பருத்துப் பசையுடையதாதலின் காற்றினால் வாராது. வண்டோ தேனீயோ கொணர்தல் வேண்டும். தாய்நாட்டில் இப்பூவையே நாடி வாழும் தனித்தேனீ வகை உண்டு. அது கொடியோடு இந்நாட்டுக்கு வந்திலது. இங்கே நம் தேனீக்களே அத்தொழிலை ஏற்றன. மகரந்தம் படியாத பிஞ்சு சில நாளில் மஞ்சளித்து உதிரும். குறைவாகப் படியின் காய் கோணும். மகரந்தமின்றி விதை உண்டாகாமையை 1694-இல் செருமனி நாட்டுத் தூபிங்கன் நகரத்துக் கமெராரியசு என்பார் சோதனையாற் கண்டு வெளியிட்டனர்.

இனி, நண்பர் கொடிக்கு வருவாம். யாம் அதன்கீழ்க் குனிந்து நோக்கியபோது மஞ்சளித்துச் சுருங்கிய பிஞ்சுகள் எட்டுக் கிடந்தன. ஆகவே பெண்பூ தோன்றாமலில்லை. தோன்றியவை மகரந்தம் பெறாது உதிர்ந்தன. ஏன் பெற்றில? விடை வாயிலிலேயே இருந்தது. மார்கழி முழுதும் அத்தெருவார் தம் கோலங்களிற் சாணத்தின்மேல் வைக்கும் பூவிற்கு இக்கொடியையே நாடியிருக்கின்றனர். பிஞ்சோடு கூடிய பூவைப் பறித்தல் ஆகாதென்று அறிந்த நல்லோராதலின், இருள் புலருமுன் வந்து ஆண்பூக்களையெல்லாம் ஒன்றுவிடாது பறித்துச் சென்றனர். தேனீ வரும்போது பெண்பூ இருந்தது, கொணர்தற்குரிய மகரந்தமில்லை. நண்பர் இவற்றையெல்லாம் திண்ணையிலிருந்து நாடோறும் கண்டவரே. கண்டும் பொறுமை காத்தார்!

"உரிய காலத்து ஊழ் கூட்டும், இடையே நம் முயற்சி எற்றுக்கு?" எனின், அற்றன்று. குடம் தோன்றுதற்கு மண் முதற்காரணம், திரிகை துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம் என்று சித்தாந்த நூற்கல்வியின் தொடக்கத்திலேயே ஓதுகின்றோம். மண் இருப்பவும் திரிகையில்லாதவழிக் குடம் தோன்றாமையை ஊழென்று கூறிக் குயவன் உறங்குவானாயின் அவனைப் பொறுமையாளன் என்பார் யாவர்? ஊழும் ஒரு வாயில் பற்றியே பயன் கூட்டும்; அவ்வாயில் நம் கையாகவும் இருத்தல் கூடும். மற்று, கதிரவன் எல்லா மொட்டின்மேலும் ஒப்பக் காயினும் பருவமுற்றதே அலரும் என்னும் உவமையை எடுத்துக்காட்டுவர் சிலர். உண்மையே. ஆண்பூ மட்டும் மலரும் முதல் வாரங்களில் நண்பர் காத்திருந்தாராயின் அது பொறுமையே. பருவமெய்திய பூ எட்டும் ஒவ்வொரு விடியலில் வாளா கழிந்ததற்கு அவ்வுவமை துணையாகாது.

பருவத்திற்கு முந்துதலும் பிழையே. உழவர் பெண்பூ பெருகுதற்கு எத்தரல் என்னும் மருந்தைத் தெளிப்பர். அஃது இரண்டிலைப் பருவத்தில் தொடங்கி வாரமொருமுறையாக நான்கு முறை செய்யத்தக்கது. கொடி முற்றியபின் தெளித்துப் பயனில்லை.

நண்பரை இங்ஙனம் கூறும் யாம் எம்மை மறைத்தல் நேர்மையன்று. பல்லாண்டுகளுக்குமுன், யாம் பணியாற்றிய பள்ளியிற் பின்வரிசையில் அமர்ந்த மாணாக்கன் ஒருவன் இலக்கணத்தில் ஓரடியும் முன்னேறாதிருந்தான். யாம் அவனை அடித்திலேம், கடிந்திலேம், "பருவம் வரும், பொறுப்போம்" என்று ஓராண்டு கழித்தேம். எம் பொறுமையை உடனாசிரியர் சிலர் புகழ்ந்தனர். யாமும் அப்புகழை மறுத்திலேம். மறுவாண்டு வந்த கணக்காசிரியர் அவனை ஒருநாள் கரும்பலகையருகே நிறுத்தி எழுத்தைப் படிக்கச் சொன்னார். மறுபடி பின்னே நிறுத்திப் படிக்கச் சொன்னார். அவனுக்குத் தூரப்பார்வையில்லை! மூக்குக்கண்ணாடி வந்த மூன்று திங்களில் நன்னூற் சூத்திரங்களைப் பிறரோடொப்ப ஒப்பித்தான். யாம் காத்தது அவன் பருவத்தையன்று; எழுந்து பின்வரிசைவரை நடக்க எமக்கிருந்த மனமின்மையையே. அவன் இழந்த ஓராண்டை யாம் மீட்டுத்தர இயலாது. இன்றும் அவனை வழியிற் கண்டால் அவன் வணங்குமுன் எம் தலை தாழும்.

நண்பரிடம் இவ்வளவும் கூறி, வேறொரு வழியுங் காட்டினேம். விடியலில் மலர்ந்த ஆண்பூ ஒன்றைக் கொய்து, இதழ்களைக் களைந்து, மகரந்தத்தண்டைப் பெண்பூவின் சூல்முடியில் மெல்லத் தடவுதலே அது. ஒரு பெண்பூவிற்கு இரண்டு ஆண்பூவாயின் நன்று. அவர் முதலில் நகைத்தார்; தேனீயின் தொழிலை முதுமையில் ஏற்பதா என்றார். எனினும் மறுவாரம் மலர்ந்த மூன்று பெண்பூக்களைத் தம் கையாற் றொட்டிருக்கின்றார். பத்துநாள் கழித்து யாம் சென்றபோது இரண்டு உதிர்ந்திருந்தன. ஒன்று எலுமிச்சையினும் பருத்து நின்றது.

"நின்றது ஏன்? உதிர்ந்தன ஏன்?" என்று வினவினார். பொறுத்திருந்த நாளெல்லாம் அவர் இவ்வினாவை எழுப்பியதில்லை. எந்த நாழிகையில் தொட்டீர் என்றேம். ஒன்றைக் கதிர் எழுமுன்னும், ஏனையிரண்டைக் காலையுணவு முடித்து, வெயிலேறிப் பூக் கூம்பத் தொடங்கியபோதும் தொட்டதாகச் சொன்னார்.