கடைசி என்பது எது?

ஒன்பதாம் வகுப்பில் பயிலும் எம் பேரன் அண்மையில் ஒரு வினாவை எழுப்பினான். விரைந்தோடும் மகிழுந்துகளைப் பற்றி அவன் அறியாதது இல்லை. பிரான்சு நாட்டில் செய்யப்படும் புகாட்டி என்னும் வண்டியைப் பற்றி ஒரு மாலைப்பொழுதில் நெடுநேரம் விளக்கிக் கொண்டிருந்தவன், இடையே நிறுத்தி, "பாட்டி, ஐந்நூறு வண்டிதான் செய்வோம் என்றார்கள். இதுதான் கடைசி வண்டி என்று படமும் போட்டார்கள். உடனே அடுத்ததைக் கொண்டுவந்துவிட்டார்கள். அப்படியென்றால் கடைசி என்றது பொய்தானே?" என்று கேட்டான்.

வகுப்பறையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வினாக்களுக்கு விடையளித்துப் பழகிய எமக்கு, இவ்வினாவிற்கு உடனே விடை தோன்றவில்லை. பொய் என்று சொல்ல இயலவில்லை. மெய் என்று சொல்லவும் மனம் இசையவில்லை. சிறுவன் கேட்டது மகிழுந்தைப் பற்றியதாயினும், அதனுள் இருப்பது நம் எல்லாருக்கும் உரிய வினா. ஒருவர் தமக்குத் தாமே ஓர் எல்லையை வகுத்துக்கொண்டு அங்கே நிற்பாராயின், அதனை அடக்கம் என்று கொள்ளலாமா? அன்புள்ள வாசகர்களோடு சேர்ந்து இதனைச் சிறிது ஆராய்வோம்.

முதலில் செய்தியை அறிந்துகொள்வோம். பிரான்சின் கிழக்கெல்லையை ஒட்டிய அல்சாஸ் பகுதியில் மோல்சைம் என்றொரு சிற்றூர் உள்ளது. இத்தாலியில் பிறந்த எத்தோரே புகாட்டி என்பவர் 1909-ஆம் ஆண்டில், அன்று செருமனியின் ஆட்சியில் இருந்த அவ்வூரில், தம் தொழிற்கூடத்தை நிறுவினார். அவர் 1947-இல் மறைந்தபின் அந்நிறுவனம் நலிந்து ஓய்ந்தது. இடையில் இத்தாலியில் சில ஆண்டுகள் உயிர்பெற்று, மீண்டும் வீழ்ந்தது. 1998-இல் செருமனியின் வோக்ஸ்வாகன் நிறுவனம் அப்பெயரை விலைக்கு வாங்கி, பழைய மோல்சைமிலேயே புதிய தொழிற்கூடத்தை அமைத்தது.

அங்கிருந்து 2005-இல் வெளிவந்தது வேய்ரான் என்னும் வண்டி. 1939-ஆம் ஆண்டு லெ மான் என்னும் பெரும் பந்தயத்தில் புகாட்டி வண்டியை ஓட்டி வென்ற இருவருள் ஒருவரான பியேர் வேய்ரான் என்பவரின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. பதினாறு உருளைகள், எட்டு லிட்டர் கொள்ளளவு, 1001 குதிரைத்திறன் கொண்டது அதன் இயந்திரம். மணிக்கு 400 கிலோமீட்டருக்கு மேல் விரையக்கூடியது. விலையோ பத்து இலட்சம் யூரோவுக்கு மேல். செய்யப்பட்ட வண்டிகள் மொத்தம் 450. இயந்திரச் சங்கிலியில் ஆயிரக்கணக்கில் உருண்டு வந்தவை அல்ல. கைத்திறன் மிக்க சிலர் ஒவ்வொன்றாகப் பூட்டி முடித்தவை. பத்தாண்டுகளில் 450 என்றால், ஆண்டொன்றுக்குச் சராசரி 45 வண்டிகளே. 2015-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் ஜெனீவா நகரக் கண்காட்சியில் 450-ஆவது வண்டி 'இறுதி' என்னும் பொருள்தரும் பிரெஞ்சுப் பெயருடன் வைக்கப்பட்டது.

சரியாக ஓராண்டு கழிந்தது. 2016 மார்ச்சில் அதே ஜெனீவாவில் ஷிரோன் என்னும் அடுத்த வண்டி தோன்றியது. குதிரைத்திறன் 1001 என்பது 1500 ஆயிற்று. எண்ணிக்கை 500 என வரையறுக்கப்பட்டது. 2024-இல் அதன் 500-ஆவது வண்டியும் 'கடைசியானது' என்று பொருள்படும் பெயருடன் விடைபெற்றது. அவ்வறிவிப்பின் ஈரம் காயுமுன், அதே ஆண்டு ஜூன் மாதத்தில் டூர்பியோன் என்பது அறிமுகமாயிற்று. அதன் திறன் 1800, எண்ணிக்கை 250, விலை வரிகள் நீங்கலாக ஏறத்தாழ 38 இலட்சம் யூரோ. வண்டிக்கு வண்டி விலையும் திறனும் ஏறுவதைக் காண்க.

பொற்குடத்தை உருக்கி மணிமுடி செய்யும்போது குடம் மறைகிறது, முடி தோன்றுகிறது, பொன் நிலைத்திருக்கிறது. இந்த எடுத்துக்காட்டை அறியாத இல்லம் நம்மிடையே இராது. மறைதலும் தோன்றுதலும் நிகழும் இடத்திலெல்லாம் நிலைத்திருப்பது எது என்று தேடுதல் நம் மரபு. இங்கேயும் தேடிப் பார்ப்போம். வேய்ரான் மறைந்தது, ஷிரோன் தோன்றியது. ஷிரோன் மறைந்தது, டூர்பியோன் தோன்றியது. இவற்றினூடே நிலைத்த பொன் எது?

உரிமையாளரா எனின், இல்லை. எத்தோரே புகாட்டியின் குடும்பத்திலிருந்து பலர் கைக்கு மாறிய அந்நிறுவனம், 2021-இல் போர்ஷே நிறுவனமும் குரோவாசிய நாட்டின் ரிமாக் நிறுவனமும் கூடி உருவாக்கிய புதிய அமைப்பின் கீழ் வந்தது. இயந்திரமா எனின், அதுவும் இல்லை. வேய்ரானுக்கும் ஷிரோனுக்கும் பொதுவாக இருந்த அமைப்பு கைவிடப்பட்டு, டூர்பியோனுக்கு முற்றிலும் புதிய இயந்திரமும் அதனுடன் மூன்று மின்மோட்டார்களும் பொருத்தப்பட்டன. ஊரும்கூட இடையில் மாறித்தான் மீண்டது. பெயர் ஒன்று நிலைத்தது உண்மை. ஆனால் பெயரை நிலைக்கச் செய்தது எது? பிறரிடம் இல்லாதது நம்மிடம் இருக்கவேண்டும் என்னும் வேட்கையே அது. வண்டிக்குத்தான் கடைசி வந்தது, வேட்கைக்கு வரவில்லை.

இவ்விடத்தில் செய்தோர் மீது அவசரப்பட்டுக் குற்றம் சாட்டுதல் முறையாகாது. 450 என்றார்கள், 451-ஆவதைச் செய்யவில்லை. 500 என்றார்கள், 501-ஆவதைச் செய்யவில்லை. கேட்டுப் பெறக் காத்திருப்போர் இருந்திருப்பர், செய்யும் கைகளும் இருந்தன, பொருளும் வந்திருக்கும். அவ்வாறு செய்திருந்தால், எண்ணிக்கையை நம்பி வாங்கியவரை ஏமாற்றியது ஆகியிருக்கும். சொன்ன எண்ணில் நின்றது வாய்மை. பேரனின் வினாவில் பாதிக்கு விடை இதுவே: கடைசி என்றது பொய் அன்று.

அன்றியும், குறைவாகச் செய்வதெல்லாம் சூழ்ச்சி என்றும் சொல்லுதற்கில்லை. வீணை செய்யும் தச்சர் ஆண்டுக்குச் சிலவே செய்கிறார். கைக்கு உள்ள எல்லை அது. தரம் கெடாதிருக்க அவர் ஏற்றுக்கொண்ட எல்லை அது. ஆயினும் அவருடைய அடுத்த வீடுகளிலெல்லாம் வீணை இருந்தாலும் அவர் செய்த வீணையின் இசை கெடுவதில்லை. வரையறுத்த எண்ணிக்கை வண்டியின் நிலை வேறு. நாளையே அதுபோல் ஐம்பதாயிரம் வண்டிகள் வந்துவிட்டால் அதன் விரைவு குறையாது, இயந்திரம் பழுதுபடாது, ஆனால் அதை வைத்திருப்பவரின் மகிழ்ச்சி மட்டும் போய்விடும். எனவே அவர் விலை கொடுத்து வாங்கியவற்றுள் பிறருடைய இல்லாமையும் ஒன்று என்பது தெளிவாகிறது.

இதனைப் பிறநாட்டுச் செல்வரின் குறை என்று எழுதிவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்ள முடியாது. எம்முடைய சொந்த நினைவொன்று தடுக்கிறது. ஆசிரியப் பயிற்சியின்போது, பரிசு மாணவர்க்கு ஊக்கம் தரும் என்று பயின்றோம். பணியில் சேர்ந்தபின் ஆண்டுதோறும் முதல் மூவருக்கு வண்ணப் பென்சில் பெட்டி கொடுத்து வந்தோம். ஓராண்டு, கைக்காசில் கொஞ்சம் மிச்சம் இருந்தது; வகுப்பில் இருந்த அனைவருக்கும் அதே பெட்டியை வாங்கிக் கொடுத்தோம். முந்தைய ஆண்டில் பரிசு பெற்ற சிறுமி ஒருத்தி பெட்டியைத் திறந்து பார்த்தாள், சுற்றிலும் பார்த்தாள், மூடி வைத்துவிட்டு, "எல்லாருக்கும் கெடைச்சிடுச்சே, டீச்சர்" என்றாள். பென்சில்கள் அதே பன்னிரண்டுதான். அன்று அவளைக் கடிந்துகொண்டோம். பல ஆண்டுகள் கழித்தே உணர்ந்தோம்: பிறருக்கு இல்லாததே பரிசு என்று அக்குழந்தைக்குக் கற்பித்தவர் நாமே அல்லவா!

விரைவின் எல்லைக்கும் இதே கதை உண்டு. 2019-இல் செருமனியின் எரா-லெசியன் சோதனைத் தடத்தில், திருத்தியமைக்கப்பட்ட ஷிரோன் ஒன்று மணிக்கு 490.484 கிலோமீட்டர் விரைவை எட்டியது. அதன்பின், உச்ச விரைவுக்கான போட்டியிலிருந்து விலகுவதாக நிறுவனம் அறிவித்தது. போதும் என்ற சொல் அங்கிருந்து வந்ததை எண்ணி மகிழலாம். ஆனால் 2024 நவம்பரில், கூரையில்லா வண்டிகளுள் மிக விரைவானது என்னும் பெருமைக்காக, மிஸ்ட்ரால் என்னும் வண்டி மணிக்கு 453.91 கிலோமீட்டர் ஓட்டிக் காட்டப்பட்டது. பழைய இயந்திரம் பூண்டு சாலைக்கு வரும் கடைசி வண்டி என்று 2022-இல் சொல்லப்பட்டதும், 99 என வரையறுக்கப்பட்டதும் இந்த மிஸ்ட்ராலே. அதற்குப் பின்னும் 2025-இல், ஒரே ஒருவருக்காக, அதே வகை இயந்திரத்துடன் ஒற்றை வண்டியொன்று செய்யப்பட்டது. ஒரு வாயில் மூடினால் வேறு பெயரில் இன்னொரு வாயில் திறப்பது வேட்கையின் இயல்பு.

ஆனால் அவ்வண்டியிலேயே நாம் கற்றுக்கொள்ளத்தக்க ஒன்றும் இருக்கிறது. வேய்ரானை அதன் உச்ச விரைவில் ஓட்ட ஒரு சாவி போதாது. முதலில் வண்டியை நிறுத்தவேண்டும். பின் ஓட்டுநர் இருக்கையின் அருகே உள்ள துளையில் இரண்டாவது சாவியை இடவேண்டும். எல்லாம் சரியாக உள்ளனவா என்று வண்டி தன்னைத் தானே சோதித்த பின்னரே மேல் விரைவுக்கு இசைவு கிட்டும். அவ்விரைவிலோ 100 லிட்டர் எரிபொருள் சுமார் 12 நிமிடங்களில் தீர்ந்துவிடும் என்பர். இயந்திரம் செய்தோர் தம் வண்டிக்கு 'நில், எண்ணிப் பார், பின் செல்' என்னும் இரண்டாம் சாவியை வைத்தனர். வாங்கும் விருப்பத்திற்கு அப்படியொரு சாவியை யாரும் செய்து தருவதில்லை. அவரவரே செய்துகொள்ள வேண்டும். இல்லறத்தார் ஏற்கும் மிகுபொருள் விரும்பாமை அத்தகைய சாவியே. அங்கும் ஓர் எண் உண்டு, ஓர் எல்லை உண்டு. ஆனால் அவ்வெண் பிறரை வெளியே நிறுத்துவதற்காக இட்ட வேலி அன்று. தன்னை உள்ளே நிறுத்துவதற்காக இட்டது.

புகாட்டியின் பழங்கதை ஒன்றைக் கூறி முடிக்கலாம். எத்தோரே புகாட்டி 1920-களில் அரசர்களுக்கென்றே ஒரு வண்டியை எண்ணினார். ருவாயால் என்று பெயர். ஆறு மீட்டருக்கு மேல் நீளம். பன்னிரண்டரை லிட்டரையும் தாண்டிய பெரிய இயந்திரம். இருபத்தைந்து செய்யத் திட்டமிட்டார். 1929-இல் தொடங்கிய பொருளாதார வீழ்ச்சி உலகை உலுக்கியது. முழுமையாக உருப்பெற்றுத் தங்கியவை ஆறு. அக்காலத்தில் விலைபோனவை மூன்றே. அரசர் எவரும் வாங்கவில்லை. செய்து வைத்த இயந்திரங்கள் தொழிற்கூடத்தில் தேங்கிக் கிடந்தன.

அவற்றை அவர் வீணாக்கவில்லை. இரண்டையும் நான்கையும் சேர்த்துப் பூட்டி, தண்டவாளத்தில் ஓடும் பயணியர் ஊர்திகளைச் செய்தார். 1933 முதல் பிரான்சின் இருப்புப்பாதைகளில் அவை ஓடின. அவற்றுக்குத் தேவை மிகுந்து, தேங்கியவை தீர்ந்தபின் மேலும் இயந்திரங்கள் செய்யவேண்டியதாயிற்று. 1950-களின் பிற்பகுதிவரை அவை மக்களைச் சுமந்தன. பயணச்சீட்டு வாங்கிய எவரும், அரசர்க்கென்று செய்த இயந்திரத்தின் வலுவில் அமர்ந்து சென்றனர். பக்கத்து இருக்கையில் இன்னொருவர் இருந்ததால் எவருடைய பயணமும் குறைந்துபோகவில்லை.

அல்சாசின் முலூஸ் நகரில் இரண்டு காட்சிசாலைகள் உள்ளன. மகிழுந்துக் காட்சிசாலையில் ருவாயால் வண்டிகள் இரண்டு நிற்கின்றன. இருப்புப்பாதைக் காட்சிசாலையில் அந்த ஊர்திகளில் ஒன்று நிற்கிறது. ஒரே இயந்திரம் சிலருக்கென்று இருந்த கோலத்தை ஓரிடத்திலும், பலருக்கென்று ஆன கோலத்தை மற்றோரிடத்திலும் காணலாம்.

இவற்றையெல்லாம் எண்ணிப் பார்த்தபின், சில நாள் கழித்துப் பேரனை அழைத்து இவ்வாறு சொன்னோம்: "அவர்கள் சொன்னது பொய் இல்லை, கண்ணு. வண்டிக்குத்தான் அது கடைசி. ஆசைக்குக் கடைசி எது என்று அவர்கள் சொல்லவே இல்லை. அதை வாங்குகிறவர்தான் சொல்லவேண்டும்."

அவன் சிறிது நேரம் பேசாதிருந்தான். பிறகு, "அந்த இரயில் இன்னும் ஓடுமா, பாட்டி?" என்று கேட்டான். ஓடவில்லை என்றோம். "ஓடினால் அதில்தான் ஏறுவேன்" என்றான். கைகொட்டிப் பாராட்டத் தோன்றியது. பென்சில் பெட்டி நினைவுக்கு வந்ததால் பரிசு ஒன்றும் கொடுக்கவில்லை.